ஐந்நூறு டிகிரி வெந்நீர்

டிப்ளமோ படித்தவனை ஊர் பொறுத்துக்கொள்ளும். அவன் கையில் ஒரு மீட்டரும் கிடைத்துவிட்டால் யாராலும் பொறுத்துக்கொள்ள முடியாது. வேறு யாரையோ மனதில் வைத்து இதைச் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், விருத்தாசலத்தில், இருபத்தாறு வயதில் நான் அப்படித்தான் இருந்தேன்.

அப்போது ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை சூப்பர்வைசர் வேலை. கப்பு, சாஸர், ஃபியூஸ் கேரியர் எல்லாம் எங்கள் சூளையில் வெந்து வரும். அரை மணிக்கு ஒரு தரம் சூளையின் சூட்டை மீட்டரில் பார்த்து நோட்டில் எழுதுவதுதான் என் வேலை. (அந்த நோட்டை யாரும் திறந்து பார்த்ததாக நினைவில்லை.) ஆனால் எழுதி எழுதி, சூடு என்ற விஷயமே என் பொறுப்பில்தான் இருக்கிறது என்ற எண்ணம் எனக்கு வந்துவிட்டது. டீக்கடையில் கிளாஸைத் தொட்டுவிட்டு, "எழுபது, எழுபத்தஞ்சு இருக்கும்" என்பேன். கடைக்காரர் டீயைக் குடிக்கச் சொல்வார்.

இந்த நிலையில்தான் என் அக்கா வீட்டுக்காரர் தன் காருக்கு டர்போ வைத்தார்.

மாமா பெயர் கலியபெருமாள். திட்டக்குடியை அடுத்த மங்களூர் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவர். டீசல் எஞ்சின் மாற்றிய ஒரு பழைய அம்பாசிடர் வைத்திருந்தார். திட்டக்குடி ரோட்டில் ஒரு பிரைவேட் பஸ் தினமும் அவரை முந்திக்கொண்டு போகும். முந்துவதோடு விட்டால் பரவாயில்லை, பஸ் டிரைவர் சன்னல் வழியாகக் கையை நீட்டி டாட்டா காட்டிவிட்டுப் போவாராம். மாமாவுக்கு மூன்று வருஷமாக அந்தக் கை கனவில் வந்துகொண்டிருந்தது.

விருத்தாசலத்தில் ஒர்க்ஷாப் வைத்திருந்த அன்வர் பாயிடம் போனார். பாய் பழைய லாரியிலிருந்து கழற்றிய டர்போ ஒன்றைத் தேடிப் பிடித்து, கார் எஞ்சினுக்குப் பொருத்திக் கொடுத்தார். டர்போ என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. வெளியே போகிற புகை ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றும். அதே அச்சில் இருக்கிற இன்னொரு காற்றாடி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும். காற்று அதிகம் போனால் டீசலும் நன்றாக எரியும், இழுவை கூடும். மாமா அந்த வாரமே பஸ்ஸை முந்தினார். டாட்டாவும் காட்டினார். அன்றைக்கு எங்கள் அக்கா வீட்டில் கேசரி.

பத்தே நாள். கார் கறுப்புப் புகையைக் கக்க ஆரம்பித்தது. இழுவை போய்விட்டது. சாயங்காலம் பானெட்டைத் திறந்தால், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய் அடுப்புக் கம்பி மாதிரி சிவந்திருந்தது.

அன்வர் பாய் குனிந்து பார்த்தார். "கலியபெருமாளு, இது காத்து பத்தாத சூடு மாதிரி தெரியுதுப்பா. காத்து போற வழிய மொதல்ல தொறந்து பாத்துடலாம்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். "காத்து வழிய நானே பாத்தாச்சு பாய். அது பக்காவா இருக்குது. சும்மா ஊகத்துல பேசக் கூடாதுங்க. எவ்ளோ சூடுன்னு அளந்து பாத்துட்டுதான் வைத்தியம் பண்ணணும்."

"அளக்கறதுக்கு என்னா இருக்குது தம்பி? செவந்திருக்குது. சூடுன்னு அர்த்தம்."

"எவ்ளோ சூடு? நம்பர் சொல்லுங்க."

மாமா என்னைப் பெருமையாகப் பார்த்தார். படித்த மச்சான் இருப்பதன் பலனை அவர் அனுபவிக்கத் தொடங்கிய நேரம் அது.

மறுநாள் கம்பெனியிலிருந்து, மேனேஜரிடம் கெஞ்சி, சூளை மீட்டரைக் கொண்டுவந்தேன். தலையணை அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி. முன்னால் கண்ணாடி, உள்ளே முள், பூஜ்யத்திலிருந்து ஆயிரத்து அறுநூறு வரைக்கும் எண்கள். அதோடு சேர்ந்த அளவுக் கம்பி விலை உயர்ந்த உலோகம் என்பதால் மேனேஜர் தரவில்லை. அதனால் என்ன, புகைபோக்கிப் பக்கம் செருகும் சாதாரணக் கம்பி ஒன்று ஸ்டோரில் கிடந்தது, அதை எடுத்துக்கொண்டேன். இரண்டும் சூடு பார்க்கிற சாமான்தானே. அந்தச் சாதாரணக் கம்பிக்கென்று ஒரு சின்ன மீட்டரும் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அது பார்க்க ஒரு கெத்தாக இல்லை.

பாய் முகத்தைச் சுளித்துக்கொண்டே குழாயில் ஓட்டை போட்டார். கம்பியைச் செருகினோம். வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டோம். முள் மெல்ல எழுந்து, ஆயிரத்து இருநூற்று ஐம்பதில் நின்றது.

"பன்னெண்டு அம்பது!" என்று கத்தினேன். அது எங்கள் சூளையில் கப்பு வேகும் சூடு.

பாய் தாடியைத் தடவினார். "அவ்ளோ சூட்டுக்கு இரும்பு உருகி ஓடிடாதா தம்பி?"

நல்ல கேள்வி. அந்தக் கேள்வியோடு நான் வாயை மூடியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. "அது புகையோட சூடு பாய். இரும்போட சூடு வேற" என்றேன். இன்றுவரை இந்த வாக்கியத்துக்கு எனக்கே அர்த்தம் தெரியாது.

அதன் பிறகு இரண்டு வாரம் வைத்தியம் நடந்தது. சைலன்சர் அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தேன். அறுத்துப் போட்டோம். முள் இறங்கவில்லை, ஆனால் கார் ஜங்ஷன் ரோட்டில் வந்தால் கடைத்தெருவில் எல்லோரும் கதிரடிக்கும் மெஷின் வருகிறது என்று ஒதுங்கினார்கள். டீசல் அதிகம் பாய்கிறது என்று கண்டுபிடித்தேன். பம்பின் திருகைக் குறைக்கச் சொன்னேன். கார் சைக்கிளுக்கு வழிவிட்டது, திருகைப் பழையபடி வைத்தோம். கடைசியாக, குழாயைச் சுற்றி ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டினேன். முள் அப்போதும் இறங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பாய், "காத்து வழிய ஒருவாட்டி..." என்று தொடங்குவார். நான் மீட்டரைக் காட்டுவேன்.

"மச்சான், கல்யாணத்துக்குள்ள சரி பண்ணிடுவியா?" என்றார் மாமா. குரலில் முன்பிருந்த பெருமை கொஞ்சம் இறங்கியிருந்தது.

கல்யாணம் மாமாவின் தங்கை மலருக்கு. ஸ்ரீமுஷ்ணத்தில் மண்டபம். மாப்பிள்ளை இளங்கோவன் திருச்சிப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். முதல் நாள் மத்தியானம் ரயிலில் விருத்தாசலம் வந்து இறங்குவார். அவரை எங்கள் காரில் அழைத்துப் போய், சாயங்காலம் ஐந்தரைக்கு மண்டப வாசலில் மேளதாளத்தோடு இறக்க வேண்டும். அக்கா வாடகைக் கார் வைக்கலாம் என்றாள். "சொந்தக் காரு இருக்கும்போது வாடகைக் காருல வந்தா மாப்பிள்ளை வூட்ல என்னா நெனப்பாங்க?" என்றார் மாமா. "நான் மீட்டரோட கூடவே வரேன்க்கா. ஒண்ணும் ஆவாது" என்றேன் நான். அந்த நேரத்தில் அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஜங்ஷனில் மாப்பிள்ளை வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், பட்டு வேட்டி, கழுத்தில் ரோஜா மாலை. கூட அவருடைய பெரியப்பா, எழுபது வயதிருக்கும், வெள்ளை மீசை. மற்றவர்கள் வேனில் ஏறி முன்னால் போய்விட்டார்கள்.

மாப்பிள்ளைக்கு முன்சீட்டு. பிரச்சினை என்னவென்றால், பானெட்டிலிருந்து சன்னல் வழியாக வந்த ஒயர் முன்சீட்டு வரைக்கும்தான் எட்டியது. எனவே மீட்டரைத் தூக்கி மாப்பிள்ளை மடியில் வைத்தேன். மாலை முள்ளை மறைத்தது. மாலையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டேன்.

"முள் எங்க நிக்குதுன்னு அப்பப்ப சொல்லிட்டே வாங்க" என்றேன். "ஆயிரத்து நானூறு வரைக்கும் கவலை இல்ல."

அவர் பெட்டியைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார். "ஏங்க, இந்த வெப்ப மின்னிரட்டை..."

"அதெல்லாம் இல்லீங்க. இது தெர்மோகப்பிள்."

(வெப்ப மின்னிரட்டை என்பது தெர்மோகப்பிளுக்குத் தமிழ்ப் பெயர். அவர் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அதைத்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.)

கார் முழங்கிக்கொண்டு கிளம்பியது. நான் பின்சீட்டில் நோட்டும் பேனாவுமாகப் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஆயிரத்து முந்நூறு" என்றார் மாப்பிள்ளை. எழுதிக்கொண்டேன். "முந்நூத்தி அம்பது." எழுதிக்கொண்டேன். "இந்த மீட்டருக்கு எந்தக் கம்பின்னு..." என்று மறுபடி ஆரம்பித்தார். "ரீடிங் மட்டும் சொல்லுங்க மாப்பிள்ளை, நடுவுல பேசினா மிஸ்ஸாயிடும்" என்றேன். கல்யாணத்துக்கு முதல் நாள் பெண் வீட்டுக்காரனோடு வாதம் செய்ய எந்த மாப்பிள்ளையும் விரும்ப மாட்டான். அவர் முள்ளைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தார்.

ஊரைத் தாண்டியதும் ஒரு கரும்பு லாரி. மாமா கால் துறுதுறுத்தது. அழுத்தினார்.

"ஆயிரத்து ஐந்நூறு" என்றார் மாப்பிள்ளை. "அறுநூறு. அதுக்கு மேல நம்பர் இல்லீங்க. முள்ளு ஓரத்துல போய் ஒட்டிக்கிச்சு."

அதே நேரத்தில் கருகல் வாடை வந்தது. பானெட்டு ஓரமாக வெள்ளைப் புகை எழுந்தது. ஆயிரத்து அறுநூறு! எங்கள் சூளையே பார்க்காத சூடு! என் மூளையில் ஒரே ஒரு படம்தான் ஓடியது. மாலையும் மாப்பிள்ளையுமாக வானத்தில் பறக்கிற படம்.

"நிறுத்துங்க மாமா! எறங்குங்க! வண்டி வெடிக்கப் போவுது!"

மாமா பிரேக் அடித்தார். பெரியப்பா கதவைத் திறந்தது எனக்குத் தெரியாது. நான் பார்த்தபோது அவர் எதிர்ப்பக்க வயலில் நாற்பது அடி தூரத்தில், வேட்டியை மடித்துக் கட்டாமலே, வரப்பில் ஓடிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மட்டும் மடியில் மீட்டரோடு உட்கார்ந்திருந்தார். "ஒரு நிமிஷங்க, இது..." என்றவரைக் கையைப் பிடித்து இழுத்து, ரோட்டோரம் இருந்த வாய்க்காலுக்குள் தள்ளி, மேலே நானும் விழுந்தேன். ஒயரைப் பிடுங்கிக்கொண்டு மீட்டரும் எங்களோடு வந்தது.

வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர். அதற்குக் கீழே முழங்கால் அளவு சேறு. பட்டு வேட்டி அந்த நிமிஷத்தில் களிமண் நிறமாகியது. நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தோம். கார் வெடிக்கவில்லை. கரும்பு லாரி நிதானமாக எங்களைத் தாண்டிப் போனது.

மாப்பிள்ளை மாலையில் ஒட்டியிருந்த பாசியை எடுத்துப் போட்டார். ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "இப்பவாவது கேக்கலாமாங்க? இந்த மீட்டரு எந்தக் கம்பிக்கு உண்டானது?"

நான் பதில் சொல்வதற்குள் ஒரு மொபட் வந்து நின்றது. கல்யாணத்துக்காகச் சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு வந்த அன்வர் பாய். நேராகக் காரிடம் போனார். பானெட்டைத் திறந்தார். நான் குழாயில் கட்டிய ஈரச் சாக்கு, காய்ந்து, கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அதைக் குச்சியால் எடுத்து வாய்க்காலில் போட்டார். பிறகு, இரண்டு வாரமாகத் தொட விடாமல் நான் தடுத்த காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்தார்.

"இந்தத் துணிய யாரு கட்டுனது?"

இந்த இடத்தில், இதுவரை உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டர்போ வைத்த அடுத்த வாரம் மாமாவின் கார் இரண்டு நாள் எங்கள் கம்பெனி வளாகத்தில் நின்றது. அங்கே வெள்ளைக் களிமண் தூள் சதா பறக்கும். புது டர்போவுக்குள் தூசி போகக் கூடாதே என்று, களிமண் குழம்பைப் பிழிந்தெடுக்கும் கம்பெனித் துணியை இரண்டு மடிப்பாக மடித்து, காற்று போகும் வாயில் இறுக்கிக் கட்டினேன். தண்ணீரையே சொட்டுச் சொட்டாக விடுகிற துணி. அதன் மேல் தூள் படிந்து பூச்சு வேலை செய்த சுவர் மாதிரி ஆகியிருந்தது. பாவப்பட்ட எஞ்சின் அதன் வழியாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. டீசல் எரியக் காற்றில்லாமல் கறுப்புப் புகையும் சூடும் வந்ததற்கு வேறு காரணமே இல்லை. காற்று வழியை நான் பார்த்தாச்சு என்று சொன்னது பொய்யில்லை. பார்த்து, அடைத்திருந்தேன்.

"நான்தான் பாய்" என்றேன் வாய்க்காலிலிருந்து.

பாய் துணியை உதறினார். கஞ்சி போட்ட சட்டை மாவு மில்லுக்காரர் சட்டை ஆனது. "பரவாயில்ல தம்பி" என்றார். அவர் திட்டியிருக்கலாம். அந்தப் "பரவாயில்ல" இன்னும் எனக்கு வலிக்கிறது.

கார் உடனே கிளம்பியது. ஆனால் வயலிலிருந்து திரும்பி வந்த பெரியப்பா அதில் ஏற மறுத்துவிட்டார். "உசுரு மேல ஆசை இருக்குது" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் வந்த டவுன் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினார். மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு ஏறினார். பஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். மரியாதைக்கா, சேறு ஒட்டிவிடும் என்றா, தெரியவில்லை.

இப்போது காற்று கிடைத்த சந்தோஷத்தில் எங்கள் கார் பாய்ந்தது. மாமாவுக்குப் பஸ் என்றால் பழைய பழக்கம். அந்த டவுன் பஸ்ஸையும் முந்திவிட்டார். விளைவு, மாப்பிள்ளைக்குப் பத்து நிமிஷம் முன்னால் மாப்பிள்ளைக் கார் மண்டபத்துக்குப் போய்விட்டது.

சைலன்சர் இல்லாத சத்தம் கால் மைலுக்குக் கேட்கும். நாங்கள் திரும்பும்போதே நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் ஓடி வந்தார்கள். யாரோ பன்னீர் தெளித்தார்கள். அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வந்து முன்கதவைத் திறந்தாள். உள்ளே நான். தலை முதல் கால் வரை சேறு. மடியில் மீட்டர்.

தவில்காரர் மட்டும் கவனிக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் அடித்தார்.

"மாப்பிள்ளை எங்கடா மூர்த்தி?"

"டவுன் பஸ்ஸுல வராருக்கா."

அவள் மண்டப மாடியைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் விளையாடியது காரோடு இல்லை என்று. மலரின் கல்யாணத்தோடு விளையாடியிருந்தேன்.

பெரியப்பா பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே குரலை உயர்த்தினார். "வெடிக்கப் போற வண்டியில எங்க புள்ளைய ஏத்துனீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்குதா? இந்தச் சம்பந்தமே வேணாம். அடுத்த ரயிலுக்குத் திரும்பறோம்!" மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திட்டக்குடி ரோட்டில் டாட்டா வாங்கியபோதுகூட அவர் முகம் அப்படிச் சுருங்கியிருக்காது. மேலே மாடி சன்னலில் மலர் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மாப்பிள்ளை, சேறு சொட்டச் சொட்ட, "பெரியப்பா, ரெண்டு நிமிஷம்" என்றார். என்னிடம் திரும்பினார். "அந்தக் கம்பியக் கழட்டிக் கொண்டாங்க. சமையல்கட்டுல கொதிக்கிற தண்ணி ஒரு சொம்பு வேணும்."

அன்வர் பாய் கம்பியைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். தளதளவென்று கொதிக்கிற தண்ணீர் வந்தது. கூட்டம் சுற்றி நின்றது. மாப்பிள்ளை ஒயரை மீட்டரில் மாட்டி, கம்பியைச் சொம்புக்குள் விட்டார். சேற்றில் விழுந்தும் சாகாத அந்த முள் அசைந்து, ஏறி, ஐந்நூறில் நின்றது.

"பாத்தீங்களா பெரியப்பா? தண்ணி நூறு டிகிரியிலதான் கொதிக்கும். இது ஐந்நூறுன்னு காட்டுது. ஒரு வகைக் கம்பிய இன்னொரு வகைக் கம்பியோட மீட்டர்ல மாட்டிட்டாரு. வண்டி வெடிக்கிற மாதிரியெல்லாம் இல்ல. கொஞ்சம் அதிகச் சூடு இருந்திச்சு, பாய் அதையும் சரி பண்ணிட்டாரு. பயந்தது இவரு ஒருத்தருதான். அவர நம்பி ஓடுனது நீங்க."

பெரியப்பா சொம்பைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப நான் வயல்ல ஓடுனது?"

"நல்லா ஓடுனீங்க பெரியப்பா."

அப்போது மாடி சன்னலிலிருந்து மலரின் குரல் தெளிவாக வந்தது: "அப்பன்னா மூர்த்தி மாமா சொல்றத எல்லாம் இனிமே அஞ்சால வகுத்துக்கணுமா?"

முதலில் சிரித்தது பெரியப்பாதான். மீசை குலுங்கச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொண்ணு கணக்குல கெட்டிடா" என்றார். மாப்பிள்ளை தலையைத் தூக்கி அந்தச் சன்னலைப் பார்த்தார். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள். அந்தப் புண்ணியமாவது எனக்குச் சேரட்டும். மாப்பிள்ளைக்கு வேறு வேட்டி வந்தது. மறுநாள் காலையில் தாலி ஏறியது. மேனேஜரிடம் மீட்டரைத் திருப்பிக் கொடுத்தபோது, அதன் உள்ளேயிருந்து ஒரு சின்ன நத்தை விழுந்தது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் என் வாயிலிருந்து எந்த எண் வந்தாலும் ஐந்தால் வகுத்துவிடுகிறார்கள். பத்துப் பேர் சாப்பிட வருகிறார்கள் என்றால் இரண்டு இலை போடுவார்கள். காய்ச்சல் நூற்றிரண்டு என்றால், "இருபதுதானே, எழுந்து குளி" என்பார்கள். (உண்மையில் எல்லாச் சூட்டிலும் சரியாக ஐந்து மடங்கு வராது, ஏறினால் விகிதம் மாறும். புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டு ஒரு பொங்கலன்று எல்லோருக்கும் விளக்கினேன். விளக்கம் ஐந்து மடங்கு நீளம் என்றார்கள்.)

சென்ற மாதம் ரத்தப் பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை இருநூற்றைம்பது என்று வந்தது. கொஞ்சம் பயந்துபோய் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அய்யய்யோ, வெறும் அம்பதா?" என்று பதறினாள். "அது ரொம்பக் கம்மிடா! மயக்கம் வந்துடும். மொதல்ல ஒரு லட்டு எடுத்து வாயில போடு!"

அக்கா சொல்லைத் தட்டக் கூடாது என்று ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். மனைவி சமையலறையிலிருந்து வந்து, திறந்து கிடந்த டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒண்ணுதான் தின்னேன்" என்றேன்.

இந்த ஒரு தடவை அவள் ஐந்தால் பெருக்கிக்கொண்டாள்.